லீவா, ஊரா, மௌன முகாமா, தினம் ஒரு மணி நேரமா? மனசு களைத்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"அக்கா, லீவு போட்டும் படுக்க முடியல. படுத்தா யாரோ பின்னாடி நின்னு பாத்துட்டு இருக்கிற மாதிரி உறுத்துது. நாலு நாள் ஊருக்குப் போகட்டுமா, இல்ல பத்து நாள் தியானம்னு சொல்றாங்களே அதுக்குப் போகட்டுமா?"

இதே கேள்வியை ஆளுக்கொரு விதமாக இந்த வருடம் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே வெளியில் ஒரு வேலை, வீட்டில் ஒரு நோயாளி என்று இரண்டு பக்கமும் இழுபடுகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நான் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 17 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். வீடு ஸ்ரீரங்கத்தில். வீட்டில் பக்கவாதத்தால் இடது கை, கால் வராமல் போன அத்தை, பத்தாவது படிக்கிற மகள், ஷிஃப்ட் வேலை பார்க்கிற வீட்டுக்காரர்.

வார்டில் நைட் டூட்டி முடியும்போது அடுத்த நர்ஸுடன் பெட் பெட்டாக நடப்போம். "மூணாம் பெட்டுக்கு டிரிப் பன்னிரண்டு மணிக்கு முடியும். ஏழாம் பெட் பாட்டி ராத்திரி பூரா தூங்கல, மகன் வர்றார்னு சொல்லிட்டே இருங்க. ஒன்பதாம் பெட்டுக்கு ஆபரேஷன், தண்ணிகூடக் கொடுத்துடாதீங்க." சொல்லி முடித்து, ஊசி மருந்துக் கணக்கைச் சரிபார்த்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவ்வளவுதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் தூங்கியிருப்பேன். இத்தனை நோயாளிகளை விட்டுவிட்டு வந்தோமே என்று ஒரு நாளும் உறுத்தியதில்லை.

அதே நான், வீட்டில் ஒரே ஒரு அத்தையை விட்டுவிட்டு மாடியில் போய் உட்கார்ந்தால் பத்து நிமிஷம் தாங்க மாட்டேன். கீழே ஏதோ விழுந்த மாதிரி இருக்கும். இறங்கி வந்துவிடுவேன். ரொம்ப நாள் இதை என் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது: வார்டில் ஒப்படைத்துவிட்டு வருகிறேன், வீட்டில் ஒப்படைக்காமல் எழுந்து போகிறேன். உறுத்தல் அங்கேதான் பிறக்கிறது. கீழே வருகிற ஒப்பீடு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் இதைச் செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்திருக்கிற உடம்பை எத்தனை நாள் படுக்க வைத்தாலும் தெம்பு வராது. "எவ்வளவு தூங்கினாலும் எழுந்திரிக்க முடியல, நான் சோம்பேறி ஆயிட்டேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்த ஒரு தங்கைக்கு ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, இது களைப்புதானா என்று பார்ப்பது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலைக் களைப்புக்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையின் மீது வெறுப்போ விலகலோ வருவது, நான் செய்வதில் பலனில்லை என்று தோன்றுவது. அதை ஒரு நோயாக அவர்கள் வகைப்படுத்தவில்லை. வேலை சார்ந்த ஒரு நிலை என்றே சொன்னார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலையில் விழித்துக்கொண்டு அழுகை வருகிறது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் இந்த ஒப்பீடு உங்களுக்கு இல்லை. ஓய்வு முறையைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

எதை வைத்து எடை போடுவது?

நான் நான்கு கேள்விகள் வைத்திருக்கிறேன்.

பொறுப்பு உண்மையிலேயே வேறு ஒருவர் கைக்குப் போகிறதா? மற்ற மூன்றையும்விட இதற்குத்தான் எடை அதிகம்.

என் ஓய்வு யாருடைய உழைப்பில் நடக்கிறது? அவருக்கு அது தெரியுமா, சம்மதமா?

பணமும் லீவு நாளும் எவ்வளவு போகும்?

திரும்பி வந்த மூன்றாம் நாள் நான் எப்படி இருப்பேன்? முதல் நாள் எல்லாருமே நன்றாகத்தான் இருப்போம். மூன்றாம் நாள்தான் சரியான கணக்கு.

லீவு போட்டு வீட்டிலேயே இருப்பது

எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான். செலவில்லை, பயணமில்லை, யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் பார்த்த வரையில் மிக அதிகமாகத் தோற்றுப்போகிற வழியும் இதுதான்.

போன வருடம் ஒரு புதன்கிழமை லீவு போட்டேன். இன்றைக்குப் படுப்பது மட்டும்தான் என்று முடிவு. ஒன்பது மணிக்கு மகள் பள்ளிக்கூடம் போனதும் பாயை விரித்தேன். ஒன்பதரைக்கு சிலிண்டர் வந்தது. பத்தேகாலுக்கு நாத்தனார் போன். "என்ன பண்றீங்க அண்ணி?" "சும்மாதான் இருக்கேன்." இந்த "சும்மாதான்" இருக்கிறதே, அதை வாயால் சொன்ன மறு நொடி ஒரு வேலை வந்து சேரும். "அப்படியா, அப்ப அம்மாவோட பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் தேடி எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்களேன்." ரிப்போர்ட் பரண்மேல் இருந்தது. பரணில் ஏறினால் தூசி. ஏறியதுதான் ஏறினோம் என்று துடைத்தேன். மாலை ஐந்து மணிக்கு நான் ஃபிரிட்ஜின் ரப்பர் விளிம்பைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் டூட்டிக்குப் போனபோது ஒரு லீவு குறைந்திருந்தது, களைப்பு அப்படியே இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத செலவு இதுதான். வீட்டில் உடம்பு இருந்தால் பொறுப்பும் கூடவே இருக்கும். வீட்டில் திரும்புகிற பக்கமெல்லாம் ஒரு வேலை நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று, கைபேசி. படுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ரீல்ஸ் தள்ளியதைப் பலர் ஓய்வுக் கணக்கில் சேர்க்கிறார்கள். எழும்போது கண் எரிகிறது, இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. அதை ஓய்வு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இது யாருக்குச் சரிப்படும்? பகலில் வீடு காலியாக இருக்கிறவர்களுக்கு. நைட் டூட்டித் தூக்கக் கடனை மட்டும் அடைக்க வேண்டியவர்களுக்கு. லீவு போட்டதை யாரிடமும் சொல்லாமல் இருக்க முடிகிறவர்களுக்கு. கதவைச் சாத்தி, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டால் ஒரு நாளில்கூட நல்ல பலன் உண்டு.

அம்மா வீட்டுக்கு, ஊருக்குப் போவது

எனக்குப் பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூச்சு வேறு மாதிரி வரும். அங்கே என்னை யாரும் "சிஸ்டர்" என்று கூப்பிட மாட்டார்கள். இடம் மாறுவதால் வேலைகளின் ஞாபகம் பாதி அறுந்துவிடும், அது பெரிய லாபம்.

மறைமுகச் செலவு மூன்று இடத்தில் வரும். ஒன்று, கேள்விகள். தனியாகப் போய் நான்கு நாள் தங்கினால் மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "மாப்பிள்ளை நல்லா இருக்காரா?" என்று ஒரு தினுசாகக் கேட்பார். "களைப்பா இருந்துச்சு, வந்தேன்" என்பதை நம் ஊரில் ஒரு காரணமாக ஏற்க மாட்டார்கள். காய்ச்சல் என்றால் ஏற்பார்கள், சண்டை என்றாலும் ஏற்பார்கள். இரண்டு, பொறுப்பு சரியாக ஒப்படைக்கப்படாமல் போனால் போனிலேயே குடித்தனம் நடக்கும். "அத்தையோட பி.பி. மாத்திரை எந்த டப்பா?" என்று தினம் ஆறு போன்.

மூன்றாவதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே நான்கு நாள் நன்றாகத் தூங்கினேன். சூடாகக் காப்பி வந்தது, இலையில் சாப்பாடு வந்தது. கிளம்புகிற அன்று காலையில் கொல்லைப்புறம் போனேன். அண்ணி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தலையணை உறையை அலசிக்கொண்டிருந்தார். அவருக்கும் வேலை உண்டு, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். நான்கு நாளும் எனக்காக விடியலில் எழுந்திருக்கிறார். நான் இறக்கி வைத்த சுமை அவர் தலையில் ஏறியிருந்தது, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அதிலிருந்து ஊருக்குப் போனால் ஒன்று பேசிவிடுகிறேன்: "அண்ணி, முதல் ரெண்டு நாள் நான் தூங்கிக்கிறேன். அடுத்த ரெண்டு நாள் அடுப்படி என்னோடது, நீங்க உங்க அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வாங்க." இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு எனக்கு உறுத்தல் வரவில்லை. அவரும் போய் வருகிறார்.

பிறந்த வீட்டில் கேள்வி கேட்காத ஒரு ஆளாவது இருந்தால், அப்புறம் வீட்டில் மாத்திரை டப்பா வரைக்கும் எழுதிக்கொடுத்துவிட்டு வர முடிந்தால், இது நல்ல வழி. கல்யாணம், காதுகுத்து இருக்கிற மாதத்தில் மட்டும் போகாதீர்கள்.

பத்து நாள் மௌன முகாம்

தியான ஆசிரியர் எஸ்.என்.கோயங்கா வழியில் நடக்கிற விபாசனா தியான முகாமைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. தங்க இடமும் சாப்பாடும், ஏற்கெனவே முகாமை முடித்தவர்கள் தருகிற நன்கொடையில் நடக்கிறது.

பெயரைக் கேட்டால் ஓய்வு மாதிரி இருக்கும். ஓய்வு இல்லை, நல்ல கடுமையான உழைப்பு. காலை நான்கு மணிக்கு மணியடிக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வரை உட்கார வேண்டும். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, பத்தாம் நாள் வரை பக்கத்தில் இருப்பவருடன் பேசவும் கூடாது. மாலையில் புதியவர்களுக்குப் பழமும் டீயும், ராத்திரிச் சாப்பாடு இல்லை. பத்து நாள் என்றாலும் போகிற நாளையும் திரும்புகிற நாளையும் சேர்த்தால் பன்னிரண்டு நாள்.

என்னோடு ஐ.சி.யூ.வில் வேலை பார்த்த ஒரு சிஸ்டர் போய்வந்தார். முதல் மூன்று நாளும் முதுகுவலியைத் தவிர வேறு நினைவே இல்லை என்றார். ஆனால் ஒன்று சொன்னார், அதை மறக்க முடியவில்லை. "போனை வாங்கி உள்ளே வெச்சுட்டாங்க பாருங்க, அந்த நிமிஷமே எனக்குப் பாதி சரியாயிடுச்சு." அவரை யாராலும் கூப்பிட முடியாது. வேண்டாம் என்று சொல்கிற வேலை அவருக்கு இல்லை, முகாம் விதி அவருக்காகச் சொல்லிவிடுகிறது. என் முதல் கேள்விக்கு இவ்வளவு முழுசான பதில் வேறு எந்த வழியிலும் கிடையாது.

எச்சரிக்கையும் அதே அளவு வேண்டும். மனநலத்துக்கு மாத்திரை எடுக்கிறவர்கள், சமீபத்தில் வீட்டில் சாவைப் பார்த்தவர்கள், பதற்றத்தில் மூச்சு அடைக்கிறவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேளுங்கள். விண்ணப்பத்தில் உடல்நிலையும் மனநிலையும் கேட்பார்கள், மறைக்காதீர்கள். தினம் பத்து மணி நேரம் தன் மனசோடு மட்டும் இருப்பது எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் மருந்தாகாது. உடம்பு முற்றிலும் ஓய்ந்துபோன நிலையில் போகிறவர்களுக்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். முதலில் தூங்கித் தேறிவிட்டு, அப்புறம் போகலாம்.

மருத்துவச் சான்றோடு நீண்ட விடுப்பு

ஒரு மாதம், இரண்டு மாதம். இதைக் கேட்கும்போதே பலர் குரல் தாழ்ந்துவிடும். தப்பு செய்கிற மாதிரி கேட்பார்கள். தாழவே வேண்டாம், சட்டம் கொடுத்த உரிமை இது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் கீழ் வருகிற வேலைகளில் வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு உடல்நல விடுப்பும், 12 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. ஒரு வருட சர்வீஸ் முடித்தவர்களுக்கு இன்னொரு 12 நாள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களா? அப்படியானால், சந்தா கட்டிய நாள் கணக்குச் சரியாக இருந்து ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுத்தால், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். எங்கள் நர்ஸுகளிலேயே எத்தனையோ பேர் மாதாமாதம் பிடித்தம் போவதைப் பார்த்திருக்கிறார்கள், இந்த உரிமையைக் கேட்டதே இல்லை.

மறைமுகச் செலவு: வீட்டுக்கடன் தவணை, மீதி 30 சதவீதச் சம்பளம், அலுவலகத்தில் பேச்சு. இன்னொன்றும் உண்டு. முதல் வாரம் உடம்பு விழுந்துவிடும். காய்ச்சல், தலைவலி, காரணமில்லாத அழுகை. பயந்துபோய்ப் பாதியிலேயே வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டாம் வாரத்தைத் தாண்டியவர்கள்தான் தேறினார்கள், நான் பார்த்த வரை. காலையில் எழுகிற நேரம், குளிக்கிற நேரம், ஒரு நடை என்று மூன்றை மட்டுமாவது நிலையாக வைத்துக்கொண்டால் மிதந்து போகாமல் இருக்கலாம்.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, வேலையில் தப்பு நடக்கத் தொடங்கிவிட்டதா? மருந்து மாற்றிக் கொடுக்கப் போய்க் கை நடுங்கி நிறுத்தியிருக்கிறீர்களா, வண்டி ஓட்டும்போது கண் செருகுகிறதா? வேறு எதையும் யோசிக்காதீர்கள், இதைத்தான் எடுக்க வேண்டும்.

தினம் ஒரு மணி நேரம்

பார்க்கச் சின்னதாக இருக்கும். நான் கடைசியில் வந்து சேர்ந்தது இதில்தான்.

மாலை ஐந்திலிருந்து ஆறு. டூட்டி இல்லாத நாளில் அம்மா மண்டபம் படித்துறைக்கு நடந்து போவேன். கீழ்ப்படியில் யாராவது புடவையைப் பிழிந்துகொண்டிருப்பார்கள், தண்ணீர் படிக்கட்டில் வழிந்து சூட்டில் உடனே காயும். கையில் ஜெபமாலையும் இல்லை, புத்தகமும் இல்லை. உட்கார்ந்திருப்பேன். முதல் இரண்டு வாரம் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நேரம் பார்த்தேன். அப்புறம் கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

இதற்குத் தேவை பணமோ லீவோ இல்லை, இன்னொரு ஆள். அங்கேதான் பெரும்பாலும் உடைகிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாக வந்தது. என் அறுபது நிமிடம் ஆகாயத்திலிருந்து வராது, இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலிருந்துதான் வர வேண்டும். வீட்டுக்காரரிடம் "எனக்குக் கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று பல வருடம் கேட்டேன். உதவி என்றால் பொறுப்பு என்னுடையதாகவே இருக்கிறது, அவர் கைமட்டும் கொடுக்கிறார். "அஞ்சுலேர்ந்து ஆறு அத்தை உங்க டூட்டி" என்று சொன்ன அன்றுதான் மாறியது.

இதன் குறை என்னவென்றால், ஆழமான களைப்பை இது உடனே தீர்க்காது. கட்டிடம் இடிந்த பிறகு சுண்ணாம்பு பூசுவது போல ஆகிவிடும். ஒரு நாள் விட்டால் ஒரு வாரம் விட்டுப்போகும். தனியாக, மாற்று ஆளே இல்லாமல் நோயாளியைப் பார்க்கிறவர்களுக்கு, வாரத்துக்கு இரண்டு நாளாவது கூலிக்கு ஒருவரை வைக்காமல் இது நடக்காது. அந்தப் பணத்தை மருந்துச் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பார்வையில்

| வழி | பொறுப்பு கைமாறுமா? | யார் உழைப்பில்? | செலவு | மூன்றாம் நாள் |
|---|---|---|---|---|
| வீட்டில் லீவு | அநேகமாக மாறாது | நம் உழைப்பிலேயே | லீவு நாள் | பழையபடி |
| ஊர் | எழுதிக் கொடுத்தால் மாறும் | அம்மா, அண்ணி | பஸ் செலவு, கேள்விகள் | பாதி தெம்பு |
| மௌன முகாம் | முழுசாக மாறும் | முகாம் சேவையாளர்கள், வீட்டில் இருப்பவர்கள் | 12 நாள் | தெளிவு, ஆனால் உடம்பு வலி |
| நீண்ட விடுப்பு | வேலை மாறும், வீடு மாறாது | சக ஊழியர்கள் | சம்பளத்தில் ஒரு பங்கு | சொல்ல முடியாது, இரண்டு வாரம் வேண்டும் |
| தினம் ஒரு மணி | தினமும் மாறும் | வீட்டில் இன்னொருவர் | ஒரு கடினமான பேச்சு | கொஞ்சம் பரவாயில்லை, ஆறாம் மாதம் நன்றாக |

நானாக இருந்தால்

ஐ.டி.யில் இருக்கிற, தனியாகத் தங்கியிருக்கிற தம்பி தங்கைகளுக்கு: ஊருக்குப் போங்கள், லேப்டாப்பை அறையிலேயே விட்டுவிட்டு. கைக்குழந்தைக்காரர்களுக்கு: முகாமை இப்போது மறந்துவிடுங்கள், தினம் ஒரு மணி. பல வருடமாக நோயாளியைப் பார்ப்பவர்களுக்கு: முதலில் நீண்ட விடுப்பில் இரண்டு வாரமாவது எடுத்து, அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே தினம் ஒரு மணிக்கான ஆளைப் பழக்குங்கள். இரண்டையும் பிரித்தால் பலனில்லை, விடுப்பு முடிந்ததும் பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

எதை எடுத்தாலும் ஒப்படைப்புத் தாள் ஒன்று எழுதுங்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டியிருப்பது இப்படி இருக்கும்: கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, அடுத்த மாத்திரை எது, எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், எதற்கு மட்டும் எனக்குப் போன் செய்யலாம். கடைசி வரியில் இரண்டே காரணம்தான்: கீழே விழுந்தால், பேச்சு குழறினால். எழுதியதும் நான் கையெழுத்துப் போடுவேன், வாங்கிக்கொள்கிறவரும் போட வேண்டும். முதல் வாரம் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டேதான் போட்டார். நேற்று ஆறேகாலுக்குத் திரும்பியபோது தாளில் அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது: "5.20 ஹார்லிக்ஸ் அரை டம்ளர். 5.45 இடது பக்கம் திருப்பியாச்சு. முதுகுல லேசா சிவந்திருக்கு, பவுடர் போட்டேன், நீயும் ஒரு தடவை பாரு." சிவந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.